குழந்தைகள் கையில் சுழன்ற கிராமஃபோன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலி பதித்த தட்டைச் சுழற்றிக் கேட்கும் கிராமஃபோன் முதன்முதலில் கடைக்கு வந்தது பொம்மையாகத்தான். எமில் பெர்லினரின் கண்டுபிடிப்பை 1890ஆம் ஆண்டு வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஜெர்மனியின் வால்டர்ஸ்ஹவுசன் ஊரில் இருந்த கேமர் அண்ட் ரைன்ஹார்ட் என்ற பொம்மை நிறுவனம். அதில் சாவி கொடுக்கும் சுருள்வில் கிடையாது. குழந்தை தன் கையாலேயே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கை வேகமெடுத்தால் குரல் கீச்சிடும், தளர்ந்தால் இழுக்கும். தட்டு ஐந்து அங்குல அகலம்தான். சில தட்டுகளின் பின்பக்கம், பதிவில் உள்ள வரிகளை அச்சிட்ட தாளை ஒட்டியிருந்தார்கள். ஒலி மங்கலாக இருந்த காலம் அது. படித்துக்கொண்டே கேட்டால்தான் சொல் பிடிபடும்.

பெரியவர்களின் கிராமஃபோனைக் கூடத்தில் வைத்துத் துடைத்துப் பாதுகாத்தார்கள். பொம்மையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டார்கள். அது விழுந்தது, நசுங்கியது, குப்பைக்குப் போனது. இன்று அது அரிதாகிப்போனதற்கு இதுதான் காரணம். 1903இல் கொலோன் நகரத்தின் ஸ்டோல்வெர்க் நிறுவனம் ஃபோனோகிராஃப் என்ற சிறிய தகரப் பாட்டுக் கருவியுடன் சாக்லேட்டிலேயே தட்டு வார்த்து விற்றது. பாட்டைக் கேட்டு முடித்ததும் தின்றுவிடலாம்! அந்தக் கருவி எப்போதாவது கண்ணில் படும். தின்று தீர்ந்த தட்டுக்கு எங்கே போவது?

1920களில் நியூரம்பர்க்கின் பிங் நிறுவனம் செய்த கிட்டிஃபோன், பிக்மிஃபோன் இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. தகரத்தின்மேல் வண்ணப் படங்களை அச்சிட்டிருப்பார்கள். சேகரிக்க வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படத்தின்மேல் புது வண்ணம் பூசாதீர்கள். துருவை உரசி எடுக்கிறேன் என்று இறங்கினால் படமும் சேர்ந்து உரிந்துவிடும். நசுங்கிய மூலை அப்படியே இருக்கட்டும். அது ஒரு குழந்தை அந்தப் பொம்மையோடு வாழ்ந்த தடயம்.

வாங்கும் முன் உள்ளே பாருங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் ஈயம் கலந்திருந்தால் காலப்போக்கில் விரிசல் விட்டு உதிரும். அதைச் சரிசெய்ய வழியில்லை. சுருள்வில்லில் இருக்கும் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் முழுச் சாவி கொடுத்துவிடாதீர்கள். எஃகு ஊசியைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றியே ஆக வேண்டும்.

எடிசனின் பேசும் பொம்மையைச் சொல்லாமல் விட முடியாது. 1890இல் சில வாரங்களே விற்பனையில் இருந்தது. 22 அங்குல உயரம், ஜெர்மனியில் செய்த பீங்கான் தலை, தகர உடம்பு, நெஞ்சில் ஒலி வெளிவரத் துளைகள், உள்ளே ஒலி பதித்த சின்ன மெழுகு உருளை. முதுகுப்பக்கக் கைப்பிடியைச் சுற்றினால் மழலைப் பாட்டு ஒப்பிக்கும். மெழுகு சீக்கிரமே தேய்ந்தது, கருவியும் பழுதானது, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மெழுகில் இன்று ஒருமுறை ஊசியை வைத்தாலும் மிச்சமிருக்கும் குரலும் போய்விடும். அதனால் உருளை வைத்திருப்பவர்கள் பலகாலம் கேட்காமலேயே காத்துவந்தார்கள்.

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில், ஊசி படாமல், ஒலி பதிந்த பள்ளங்களைப் படமெடுத்து, கணினி வழியாக ஒலியாக்கும் முறையை உருவாக்கினார்கள். பேசும் பொம்மைக்காக 1888இல் சோதனையாகப் பதிவுசெய்த ஓர் உலோக வளையம் எடிசனின் பழைய ஆய்வகப் பொருள்களிடையே கிடந்தது. வட்டமே கெட்டு வளைந்துபோனது. எந்தக் கருவியிலும் பொருந்தாது. 2011இல் அதையும் படமெடுத்தார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' என்று ஒப்பிக்கிறது.