வோல்கா கரையில் பிறந்த டிரான்ஸ் இசை: ஆர்ட்டியும் ஆல்பா 9-ம்

[திரையில்: அகலமான வோல்கா நதி, குறுக்கே நீளமான பாலம்]

ரஷ்யாவுல, வோல்கா நதிக்கு இந்தக் கரையில சரதோவ், அந்தக் கரையில எங்கெல்ஸ். நடுவுல கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் பாலம். 1961-ல விண்வெளிக்குப் போயிட்டு வந்த யூரி ககாரின் தரையிறங்கினது இந்த எங்கெல்ஸ் பக்கத்து வயல்வெளியிலதான். அந்த ஊர்ல 1989-ல பிறந்தவர் ஆர்த்யோம் ஸ்தோல்யரோவ். டிரான்ஸ்ங்கற மின்னணு நடன இசையைக் கேக்கறவங்களுக்கு அவர் 'ஆர்ட்டி'.

இசைப் பள்ளியில பியானோ படிச்சவர். அதை முதல்லயே சொல்லக் காரணம் இருக்கு. கம்ப்யூட்டர்ல எஃப்எல் ஸ்டுடியோங்கற இசை மென்பொருள் வச்சு பாட்டு பண்ணினவங்க ஆயிரம் பேர். கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கற சுரங்கள், எங்க திரும்பணும்னு கைவிரலுக்கே தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான்.

[ஒலி: கிக் டிரம் மட்டும்]

ஒரு டிரான்ஸ் டிராக்கைப் பிரிச்சுப் பாப்போம். ஒரே சீரா விழற கிக் டிரம் அடி, பழைய பாணியில நிமிஷத்துக்கு 138 துடிப்பு வரைக்கும் ஓடும். நடுவுல திடீர்னு தாளம் மொத்தமும் நின்னுடும். இதுதான் பிரேக்டவுன். மெலடி தனியா நிக்கற இடம். அப்புறம் ஸ்னேர் டிரம் அடி நெருங்கி நெருங்கி வரும், சத்தம் மேல மேல ஏறும், கிக் திரும்ப வந்து விழும்.

[ஒலி: சூப்பர்சா, முதல்ல ஒரு அலை, பிறகு ஏழும் சேர்ந்து]

இப்போ கேட்டது சூப்பர்சா. ரோலண்ட் ஜேபி-8000ங்கற சிந்தசைசர், அதாவது மின்னணு இசைக்கருவி, 1990-கள்ல கொண்டுவந்தது. ஒரே சுரத்தை 7 அலையா வச்சு, ஒவ்வொண்ணையும் இம்மியளவு சுருதி விலக்கி ஒண்ணா ஒலிக்க விடுவாங்க. அந்த விலகல்லதான் ஒலி அகண்டு நிறையுது.

ஆர்ட்டி வேகத்தை ஹவுஸ்ங்கற இன்னொரு நடன இசை அளவுக்கு இறக்கினார், டிரான்ஸோட கார்டுகளை விடலை. ரசிகர்கள் இந்தக் கலவைக்கு 'டிரவுஸ்'னு பேர் வச்சாங்க. 2011-ல பிரிட்டன்காரர் மேட் ஸோவோட சேர்ந்து 'ரீபவுண்ட்'ங்கற டிராக் பண்ணினார். வெளியிட்டது லண்டன் இசை நிறுவனம் அஞ்சுனாபீட்ஸ். அதே வருஷம் உலகத்தோட சிறந்த டிஜேக்களுக்காக 'டிஜே மேக்' இதழ் நடத்தற வாக்கெடுப்புல முதல்முறையா நுழைஞ்சவர், நேரா முதல் 30-க்குள்ள வந்தார். வயசு 22.

அதுக்கப்புறம் பாதை மாறுச்சு. பாடகர்கள் வந்தாங்க, பாப் வாசனை கூடுச்சு. 2015-ல முதல் ஆல்பம் 'குளோரியஸ்'. நல்லாத்தான் பண்ணியிருக்கார். ஆனா பிரேக்டவுன்ல மெலடிக்கு மூச்சு விட இடம் கொடுத்த அந்தப் பழைய ஆளை அதுல நான் ரொம்பத் தேடினேன்.

2017-ல அவர் மறுபடி டிரான்ஸுக்கு வந்தது 'ஆல்பா 9'ங்கற பேர்ல. ஆரம்ப காலத்துல வச்சிருந்த பேரையே திரும்ப எடுத்துக்கிட்டார். பாப் பக்கம் ஆர்ட்டி, டிரான்ஸுக்கு ஆல்பா 9. ஒரே ஆள், ரெண்டு மேடை. எனக்கு இது சரியான முடிவாப் படுது. ஆர்ட்டி பேருக்கு வர்ற கூட்டம் வேற எதிர்பார்ப்போட வருது, ஆல்பா 9 அதுக்கெல்லாம் கட்டுப்பட வேண்டியதில்லை.

கேக்க ஆரம்பிக்கறவங்க 'தி நைட் இஸ் அவர்ஸ்'ல தொடங்குங்க. ஹெட்போன் போட்டு, பிரேக்டவுனைத் தாண்டி ஓட்டாம கேளுங்க.