தேயிலைக்கு அடியில் கிடந்த கிண்ணம்

வணக்கம் நண்பர்களே. இதைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். நீலப் பூ வரைந்த சின்னத் தேநீர்க் கிண்ணம், கூடவே அதன் சாசர். சாசரின் அடியில் ஏலத்தில் ஒட்டிய வட்டத் தாள் இன்னும் இருக்கிறது. ரொம்ப நாள் காசு சேர்த்து வாங்கியது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் கப்பலில் ஏற்றிய கிண்ணம் இது. சீனாவின் கான்டனிலிருந்து நெதர்லாந்துக்குக் கிளம்பிய அந்தக் கப்பல், 1752 ஜனவரி 3 அன்று தென்சீனக் கடலில் பாறைத் திட்டில் மோதி மூழ்கியது. கப்பலில் 112 பேர். படகில் தப்பி படேவியா (இன்றைய ஜகார்த்தா) போய்ச் சேர்ந்தவர்கள் 32 பேர்தான்.

சரி, இருநூறு வருடத்துக்கு மேல் உப்புத் தண்ணீரில் கிடந்தும் இந்தப் பளபளப்பு எப்படி? எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். கம்பெனிக்குப் பெரிய லாபம் தேயிலையில்தான். பீங்கான் சரக்கு மொத்த மதிப்பில் சிறு பங்கு. தேயிலை நனைந்தால் போச்சு, பீங்கான் நனைந்தால் கழுவிக்கொள்ளலாம். அதனால் பீங்கான் பெட்டிகளைக் கப்பலின் அடித்தளத்தில் பரப்பி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். கப்பல் உடைந்ததும் அத்தனை தேயிலையும் பீங்கான்மேல் படிந்து மூடிக்கொண்டது. உள்ளே இருந்தவற்றில் மணல் உரசவில்லை, பவளம் ஒட்டவில்லை. வெளியே சிதறியவை மெருகு போய் மங்கிவிட்டன.

மூழ்கிய கப்பல்களைத் தேடிச் சரக்கை எடுத்து விற்கும் மைக்கேல் ஹேட்சர், 1985இல் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார். சுமார் ஒன்றரை லட்சம் பீங்கான், நூற்றுக்கும் மேற்பட்ட தங்கக் கட்டிகள். அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் அவற்றை ஏலம் விட்டது. நீல வெள்ளைப் பீங்கானுக்கு வணிகத்தில் நான்கிங் என்று பெயர் என்பதால் ‘நான்கிங் சரக்கு’ என்றே விற்றார்கள்.

அந்த ஏலத்துக்குச் சீன அரசு இரண்டு பீங்கான் நிபுணர்களை 30,000 டாலருடன் அனுப்பியது. விலை ஏறிய வேகத்தில் அவர்களால் ஒரு பொருளைக்கூட வாங்க முடியவில்லை. தங்கள் நாட்டுச் சூளையில் சுட்ட பொருளுக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. 1987இல் சீனா கடலடித் தொல்லியல் வேலையைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. தொல்லியலாளர்கள் யாரும் அங்கே அளந்து, வரைந்து, பதிவு செய்யவில்லை. எடுத்தார்கள், விற்றார்கள். இந்த வட்டத் தாளைப் பாருங்கள், ஏல எண் இருக்கிறது. கடலடியில் இந்தக் கிண்ணம் எந்தப் பெட்டியில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.