கோட்டாறு சந்துல 40-க்கு மேல யாரு போறா? அம்மைக்காக வாங்குன சின்ன எலக்ட்ரிக் கார்

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீட்டு போர்ட்டிகோல இருந்தே பேசுகேன், பொறத்த ஐப்பசி மழை ஊத்துது, சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. இப்பதான் அம்மைய ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காட்டிட்டு வந்து வண்டிய சார்ஜ்ல போட்டேன். போன வீடியோல நெறைய பேரு கேட்டிருந்திய, லைசென்ஸ் வேண்டாம் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்னு ஒரு குட்டி எலக்ட்ரிக் கார் விளம்பரம் வருதே, அத வாங்கலாமான்னு. அதப்பத்திதான் இன்னைக்கு.

மொதல்ல எனக்கு ஏன் இந்த ஆசை வந்துச்சுன்னு சொல்லிருகேன். அம்மைக்கு ரெண்டு முட்டும் வலி, ஸ்கூட்டர்ல பின்னால கேறி இருக்க முடியாது, ஆட்டோல கால தூக்கி வைக்கவே ஒருத்தர் புடிக்கணும், மழைன்னா ரெண்டு பக்கமும் சாரல் வேற. பெரிய கார் வாங்கினா எங்க தெருவுக்குள்ள கொண்டு வரமுடியாது. அப்ப ஒரு நாளு சும்மா பாத்தேன், எங்க நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல இருந்து மணிமேடை, வேப்பமூடு சுத்தி கோட்டாறு மார்க்கெட் வர ஒரு ஃப்ரெண்டு கார்ல போனோம், மத்தியானம் பன்னெண்டு மணி, ஸ்பீடாமீட்டர் முள்ளு ஒரு தடவகூட 35-அ தாண்டல. அவன் வண்டி 160 போவும். அந்த 160 நாகர்கோவில்ல யாருக்கு வேணும்? அம்மைக்கு வேண்டியது ஒரு கதவு, ஒரு கூரை, உயரம் சரியா ஒரு சீட்டு.

அந்த நேரத்துலதான் நானும் அந்த மாதிரி ஒரு விளம்பரத்துல விழுந்தேன். நாலு சக்கரம், லெட் ஆசிட் பேட்டரி, 25 கிலோமீட்டர் வேகம், எந்த பேப்பரும் வேண்டாம்னு ஃபோன்ல அவ்வளவு நல்லா பேசினாங்க, பத்தாயிரம் ரூவா அட்வான்ஸ் போட்டுட்டேன். பொறவுதான் ஆர்டிஓ ஆபீஸ் பக்கத்துல இருக்க ஒரு அண்ணாச்சிகிட்ட கேட்டேன், அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. வேகம் 25 கிலோமீட்டருக்கும் மோட்டார் சக்தி 250 வாட்ஸுக்கும் கொறைவா இருந்தா பேப்பர் வேண்டாம்ங்குற சலுகை எல்லாம் ரெண்டு சக்கர வண்டிக்கு உள்ளது மக்களே. நாலு சக்கரம் வச்சு ரோட்டுல எறக்கினா ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், இன்சூரன்ஸ் வேணும், லைசென்ஸ் வேணும், எலக்ட்ரிக் வண்டிக்கு உள்ள பச்சை நம்பர் பிளேட் வேணும். பேப்பர் இல்லாத வண்டில ஒரு ஆள இடிச்சிட்டா அந்த குடும்பத்துக்கு எந்த இன்சூரன்ஸ்காரன் காசு குடுப்பான்? அத நெனச்சப்ப எனக்கு அன்னைக்கு ராத்திரி உறக்கம் வரல. அட்வான்ஸ் இன்னும் திரும்ப வரல, அது போனா போட்டும், நீங்க யாரும் ஏமாந்திராதுங்க.

வெளிநாட்டுல இந்த மாதிரி மெதுவா போற குட்டி காருக்குன்னே சட்டம் வச்சிருக்காங்க. அமெரிக்கால 1998-லேயே லோ ஸ்பீட் வண்டின்னு தனி வகை கொண்டு வந்துட்டாங்க, மணிக்கு 25 மைல், நம்ம கணக்குல 40 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், பெரும்பாலான மாநிலத்துல 35 மைலுக்கு மேல லிமிட் உள்ள ரோட்டுல ஓட்ட விடமாட்டாங்க. பிரான்ஸ்ல சிட்ரோயன் அமின்னு ஒண்ணு 2020-ல வந்துச்சு, ரெண்டு சீட்டு, 5.5 கிலோவாட் அவர் பேட்டரி (ஒரு கிலோவாட் அவர்னா நம்ம கரண்ட் பில்லுல வர ஒரு யூனிட்தான்), 45 கிலோமீட்டர் வேகம், அங்க பதினாலு வயசு பிள்ளைங்களே அதுக்கு உள்ள லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். நம்ம நாடு ஒண்ணும் இதுல பின்னால நின்ன நாடு இல்ல, பெங்களூர்ல ரேவாங்குற குட்டி எலக்ட்ரிக் கார் 2001-ல வந்துச்சு, அதே வண்டி ஜி-விஸ்ங்குற பேர்ல லண்டன் தெருவுல ஓடிச்சு. ஆனா நம்ம வீட்டு ஆளுங்க வாங்குத மாதிரி ஒரு மெதுவான எலக்ட்ரிக் வண்டி, சட்டப்படி, கம்மி விலைக்கு, எங்க ஊரு ஷோரூம்ல நான் தேடுனப்ப கிடைக்கல. அதுதான் எனக்கு உள்ள வருத்தம்.

அதனால கடைசியில நான் எடுத்தது செகண்ட் ஹேண்ட் எம்ஜி காமெட். இது லோ ஸ்பீட் கார் இல்ல, முழு கார்தான், ஆனா மூணு மீட்டருக்கும் கொறைவான நீளம், 17.3 கிலோவாட் அவர் பேட்டரி, ஒரு ஃபுல் சார்ஜ்ல கம்பெனி சொல்லுத ரேஞ்ச் 230 கிலோமீட்டர், எனக்கு ஏசி போட்டு டவுனுக்குள்ள ஓட்டினா 170 கிடைக்குது. கோட்டாறுல அரிசிக்கடை சந்துல எதுத்தாப்ல லோடு ஆட்டோ வந்து நின்னப்ப நான் ஒரே சுத்துல திருப்பிட்டேன், கடைக்கார அண்ணாச்சி வெளிய வந்து வண்டிய ஒரு மாதிரி பாத்தாரு. டர்னிங் ரேடியஸ், அதாவது வண்டி சுத்தி திரும்புத வட்டத்தோட ஆரம், 4.2 மீட்டர்தான், அதான் காரியம். ரெண்டே கதவுதான், பின்னால இருக்கணும்னா முன் சீட்ட மடக்கி உள்ள நொழையணும், அதனால அம்மைக்கு எப்பவும் முன் சீட்டுதான். நாலு பேரு இருந்தா ஒரு ஏத்தன் வாழக்கொல வைக்கக்கூட பின்னால இடம் கிடையாது, அத மொதல்லயே தெரிஞ்சுக்கிடுங்க.

இப்ப சார்ஜிங், இதத்தான் உத்துக் கேளுங்க. மொத மாசம் நான் ஹால்ல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து போட்டேன், அதான் நான் பண்ண தப்பு. ராத்திரி ஒரு மணி இருக்கும், பிளாஸ்டிக் கரியுத மணம் வந்து எழும்பி பாத்தா பாக்ஸ் இளகி சப்பாத்தி மாவு மாதிரி ஆகிப்போச்சு, பக்கத்துல பழைய பேப்பர் கெட்டு வேற இருந்துச்சு. 3.3 கிலோவாட் சார்ஜர் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கா, மிக்ஸிக்கு உள்ள வயரு அத தாங்காது. எலக்ட்ரீஷியன கூட்டிட்டு வந்து மீட்டர் போர்டுல இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் வயரு, தனி எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆவுத சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் செக் பண்ணி போட்டாச்சு. இப்பவும் சார்ஜ் போட்டு அரைமணி கழிச்சு பிளக்குல பொறங்கைய வச்சு பாப்பேன், இந்தா பாருங்க, இளஞ்சூடு, இவ்வளவுதான் இருக்கணும். காலியில இருந்து ஃபுல் ஆக இழப்போட ஒரு 20 யூனிட் ஆவும்னு வச்சுக்கிடுங்க.

அப்புறம் வேகத்துக்கு வருவோம். வேகம் ரெட்டிப்பானா காத்து தடுக்குத பலம் நாலு மடங்கு ஆவும். ஆரல்வாய்மொழில ஆடிக்காத்துல பைக் ஓட்டுனவங்களுக்கு இத சொல்லவே வேண்டாம், நெஞ்சுல கைய வச்சு தள்ளுத மாதிரி இருக்கும். 40-ல போற வண்டிக்கு சின்ன பேட்டரி போதும், பேட்டரி சின்னதானா வெலையும் கொறையும், அதனாலதான் மெதுவான வண்டிய வேணும்னு நான் கேக்கேன்.

ஆனா நேஷனல் ஹைவேல 40-ல போற வண்டிய கொண்டு போவாதுங்க. தக்கலைக்கு ஒரு நாளு மெதுவா போயி பாத்தேன், பின்னால பாறைக்கல்லு ஏத்துன டாரஸ் லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சிட்டே வந்துச்சு, அம்மை என் கைய புடிச்சிட்டா. டவுனுக்குள்ளயும் உள்ரோட்டுலயும்தான் அந்த வண்டிக்கு வேலை, அப்படி சட்டம் போட்டு, இடிச்சு டெஸ்ட் பண்ணி, லித்தியம் பேட்டரியோட, ஒரு நல்ல பைக்குக்கும் காருக்கும் எடப்பட்ட விலைல யாராவது எறக்கினா நம்ம ஊர்ல முட்டுவலி உள்ள எத்தன அம்மைமாரு வீட்ட விட்டு வெளிய வருவாங்கன்னு யோசிச்சு பாருங்க.

சரி, 90 சதவீதம் ஆச்சு, பிளக்க எடுக்கேன். காலம்பற சுசீந்திரம் கோயிலுக்கு போவணும்னு அம்மை இப்பவே சேலை எடுத்து வச்சாச்சு.