கவரின் மேலே பிள்ளையே எழுதட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தீபாவளி நேரத்துப் பணமுடையைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, மறைக்கலாமா என்பது கேள்வி. சொல்லியே ஆகவேண்டும் என்பது எங்கள் அணி.

"பிஞ்சு மனசு வாடிப்போகும்" என்றார் எதிரணிச் சகோதரி. அம்மா, அது எப்போது வாடுகிறது? பட்டாசு கேட்ட பிள்ளையிடம் "பார்க்கலாம்" என்கிறோம். நமக்கு அது "இல்லை"; பிள்ளைக்கு அது "உண்டு". வகுப்பில் பத்துப் பேரிடம் சொல்லியும் விடுகிறது. முந்தின நாள் ராத்திரி "காசில்லைடா" என்றால், அழுகிற அழுகை பட்டாசுக்காகவா? ஏமாந்ததற்காக!

மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். போனஸை நம்பி எண்ணாதீர்கள். சட்டம் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்கிறது, ஆனால் சின்னக் கடைகள் பலவற்றுக்கு அந்தச் சட்டமே எட்டாது. கையில் 5,000 ரூபாயா? மூன்று கவர் எடுங்கள். துணி 3,000, பலகாரம் 1,200, பட்டாசு 800. மேலே பிள்ளையே எழுதட்டும். ஏழு வயதுக்குள் என்றால் தொகை பிடிபடாது. நோட்டை எண்ணி உள்ளே போடச் சொல்லுங்கள். கவர் விட்டுக் கவர் மாற்றலாம், மொத்தம் மட்டும் கூடக்கூடாது. "சட்டையில் 200 மிச்சம் பிடித்தால் பட்டாசுக்குத் தருவீங்களா?" என்று பிள்ளையே பேரம் பேசும். பேசட்டும்!

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. வெடியாகவே வாங்கினால் 800 ரூபாயும் சில நிமிடம்தான். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் என்று எடுத்து, வாங்கின அன்றே காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு பையாகக் கட்டுங்கள்; இரவுப் பை பெரிதாக இருக்கட்டும். பிரிக்காவிட்டால் காலையிலேயே தீரும், இரவில் பிள்ளை அடுத்த வீட்டு வாசலைப் பார்த்து நிற்கும்.

பலகாரத்திலும் பங்கு கொடுங்கள். முறுக்குக்கு நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு. கரண்டியின் பின்புறத்தில் முறுக்கைப் பிள்ளை பிழியட்டும், எண்ணெயில் நாம் போடுவோம். வெண்ணெய் கூடினால் உதிர்ந்துபோகும், அதை மட்டும் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. வட்டிக் கணக்கும் அடகு நகையும் பிள்ளைக்கு வேண்டாம். "உன் ஃபீஸ் கட்டினதாலதான் இந்த நிலைமை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்புறம் அது நோட்டு வாங்கக்கூடக் காசு கேட்காது.

"பக்கத்து வீட்டுப் பையன் 'இவ்வளவுதானா' என்றால்?" என்று கேட்டார்கள். "800 ரூபாய்க்கு நானே பார்த்து எடுத்தேன்" என்று எங்கள் பிள்ளை நிமிர்ந்து சொல்லும். மறைத்து வளர்த்த பிள்ளை என்ன சொல்லும், நடுவர் அவர்களே?