சைக்கிள் வாங்கிய பிறகு வரும் செலவு

நேயர்களுக்கு வணக்கம். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சைக்கிள் வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்றுதான். நேராகவே சொல்லிவிடுகிறேன். கையில் 40,000 ரூபாய் இருந்தால் அதில் 30,000 ரூபாய்க்குள் சைக்கிளை முடித்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்துக்கு வேலை இருக்கிறது.

பிரான்சில் தோன்றிய 'பிரெவே' என்ற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையிலும் கோவையிலும் அடிக்கடி நடக்கிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27, 600-ஐ 40 மணி நேரத்துக்குள். முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. நின்று சாப்பிடும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தால் போதும். நம் ஊரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரே இந்த வேகத்தில் போவார். கஷ்டம் வேகத்தில் இல்லை, பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. அதனால் உடம்பு எங்கே சைக்கிளைத் தொடுகிறதோ அங்கேதான் பணம் முதலில் போக வேண்டும்.

சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை வாங்கிவிடுகிறோம். பத்து கிலோமீட்டருக்கு அது சுகமாகத்தான் இருக்கும். தூரம் போகப் போக எலும்பு மெத்தைக்குள் அமுங்கி, நடுவில் இருக்கும் மென்மையான சதையில் அழுத்தம் விழும். மரத்துப்போகும். பாரம் முழுவதும் இரண்டு உட்காரும் எலும்புகளின் மேல் நிற்க வேண்டும். அந்த எலும்புகளின் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். பார்சல் வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்து, ஒரு மர ஸ்டூலில் போட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து அழுத்தி உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்து, அதைவிடச் சற்று அகலமான சீட்டாகத் தேடுங்கள். கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது.

அதோடு, உள்ளே பேட் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் கட்டாயம் வேண்டும். 1,500 ரூபாயிலிருந்தே கிடைக்கும். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் உரசித் தொடை புண்ணாகிவிடும். இதைக் கடையில் சொல்லத் தயங்குவார்கள், அதனால் இங்கே சொல்கிறேன். பெண்களுக்கான பேட் வேறு அமைப்பில் வரும், அதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது டயர். ஒல்லி டயர்தான் வேகம் என்று பலரும் நம்புகிறார்கள். நம் சாலைகளுக்கு 28 அல்லது 32 மில்லிமீட்டர்தான் சரி. நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்துக் கிடக்கும் லாரி டயர் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து உதிரும் முடி போன்ற எஃகுக் கம்பிதான் நம் எதிரி. டயரில் குத்தி உள்ளேயே நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் சில கிலோமீட்டரில் அதுவும் போச்சு. டயரின் உட்பக்கம் முழுக்கப் பஞ்சை வைத்துத் தடவிப் பாருங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே கம்பி இருக்கிறது. நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம்.

கிராமத்துப் பஞ்சர் கடையில் இந்த அளவு டியூப் பெரும்பாலும் இருக்காது. ரோடு சைக்கிளில் பல சமயம் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அவர்களுடைய பம்பும் பொருந்தாது. இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், டயர் லீவர், சின்ன பம்ப், வால்வில் மாட்டும் பித்தளை அடாப்டர் எல்லாம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். அடாப்டர் மிகவும் மலிவு, ஆனால் அது இல்லாமல் நடுரோட்டில் நிற்க நேரிடும்.

300 கிலோமீட்டர் என்றாலே இரவு வந்துவிடும். முன்னால் சாலைப் பள்ளம் தெரியும் அளவு வெளிச்சம், பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் மேலங்கி மூன்றும் வேண்டும். பிரெவே விதியும் அதுதான். விளக்கில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் இருட்டில் பஸ் கடந்து போகும்போது, ஓட்டுநர் உங்களைத் தூரத்திலேயே பார்த்தாரா என்பதுதான் எல்லாம். ஹெல்மெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், ஓடிக்கொண்டே இருக்கும் செலவு. செயின் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேயும். காலத்தில் மாற்றாவிட்டால் பின்சக்கரத்துப் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், வழியில் ஒரு தயிர்சாதம், இளநீர் இவற்றுக்குப் பெரிதாக ஆகாது. கார்பன் பிரேம், காலணியோடு பூட்டும் பெடல், விலை உயர்ந்த ஜி.பி.எஸ். கருவி எதுவும் முதல் வருடம் தேவையில்லை. செல்போனும் ஒரு பவர் பேங்கும் போதும்.

பழைய சைக்கிளும் வாங்கலாம். உங்கள் ஊர் சைக்கிள் குழுவில் கேளுங்கள், புதியது வாங்குகிறவர்கள் நல்ல நிலையில் இருப்பதை விற்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கழுத்தும் உள்ளங்கையும் வலித்தால், சீட்டின் உயரத்தையும் ஹேண்டில்பாரையும் மாற்றி வைத்துத் திரும்ப ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் வலி இருந்தால் பிரேம் உங்கள் உயரத்துக்கு ஏற்றதில்லை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். வணக்கம்.