வெயிலில் ஆடும் தூசி

நண்பர்களே, இருட்டறைக்குள் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது அதில் தூசி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரும் அதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் முட்டி மோதுவதால்தான் தூசி இப்படித் துள்ளுகிறது என்று பாட்டிலேயே எழுதி வைத்தார்.

இந்த யோசனை கிரேக்கத்திலிருந்து வந்தது. அப்டீரா ஊர்க்காரரான டெமாக்ரிட்டஸ் அவருக்கு ஏறக்குறைய 350 ஆண்டுகள் முந்தியவர். டெமாக்ரிட்டஸ் அணுவைத் தேடிப்போனது ஒரு வழக்கைத் தீர்ப்பதற்காக. அந்த வழக்கைத் தொடுத்தவர் பார்மெனிடீஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானி. இல்லாததிலிருந்து எதுவும் பிறக்காது, இருப்பது இல்லாமல் போகாது, ஆகவே மாற்றம் என்பதே பொய் என்றார் அவர். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! சரி, விதை மரமாவதை என்ன சொல்வது? டெமாக்ரிட்டஸின் பதில்: அணுக்கள் மாறுவதில்லை, கூடுகின்றன, பிரிகின்றன, அவ்வளவுதான். அவை நகர இடம் வேண்டுமே? அதற்கு வெற்றிடம். வெற்றிடமே கிடையாது என்று அரிஸ்டாட்டில் மறுத்தார். அவர் பேச்சுதான் நெடுங்காலம் எடுபட்டது.

அப்புறம் 1827-இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் நடுங்குவதை நுண்ணோக்கியில் கண்டார். நீர் மூலக்கூறுகள் இடிப்பதுதான் காரணம் என்றால் துகள் எவ்வளவு தூரம் விலகும் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். பாரிஸில் ழான் பெரான் மஞ்சள் மரப்பிசின் ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, எந்த உயரத்தில் எத்தனை துகள் நிற்கிறது என்று பொறுமையாக எண்ணினார், துகள்கள் விலகும் தூரத்தையும் அளந்தார். கணக்கும் சோதனையும் ஒத்துப்போயின.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வெயிலில் நாம் பார்க்கும் தூசியைப் பெரும்பாலும் ஆட்டுவது காற்றோட்டம். லுக்ரீஷியஸ் காட்டிய சாட்சி தவறு, சொன்ன காரணம் சரி. என் மனதை விட்டு அகலாத இடம் இதுதான். நினைப்பால் அவ்வளவு தூரம் போக முடிந்தது. எந்தச் சாட்சி செல்லும் என்று பிரித்தறிய மட்டும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டியிருந்தது.

அணு வெறும் கற்பனை என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட், இந்தச் சோதனைகளுக்குப் பின் தன் பாடநூலின் புதிய பதிப்பு முன்னுரையிலேயே அணு உண்டு என்று ஒப்புக்கொண்டார். 1909-ஆம் ஆண்டுப் பதிப்பு அது.