ஷிஷ்கோவ் பகுதியில் ஒரு பூட்டிய வீடு

நடுவர் அவர்களே, எதிரணியிலும் என் அணியிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எதிரணி பேசிய பேச்சில் அது பலருக்கு மறந்துபோயிருக்கும். "செக் நாட்டுச் சர்ரியலிச ஓவியர் டோயெனின் தூரிகைக்கு வலு சேர்த்தது பாரிஸின் சுதந்திரமா, பிராகின் நெருக்கடியா?" சர்ரியலிசம் என்றால் கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் கலைப்போக்கு. நான் செக் தலைநகரான பிராகின் பக்கம்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? டோயென் 1925இல் பாரிஸ் போனார், மூன்று வருஷம் அங்கே இருந்தார், 1947இல் மறுபடி போனார், 1980இல் அங்கேயே இறந்தார், பாத்திஞோல் கல்லறையில் அடக்கம் ஆனார், பிறகென்ன பிராக் என்று கேட்டார். ஐயா, உயிர் போன ஊர்தான் சொந்த ஊர் என்றால், நம் பாட்டன் பாட்டிமாரில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் பெரியாஸ்பத்திரிதான்!

பெயரையும் பாரிஸ் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். மரீ செர்மினோவா என்ற பெண், பிரெஞ்சில் குடிமகனைக் குறிக்கும் 'சித்வாயென்' என்ற சொல்லின் வாலைப் பிடித்து 'டோயென்' ஆனார் என்றார். சொல் பிரெஞ்சுச் சொல்லாகவே இருக்கட்டும். பெயர் வைத்த இடம் எது? பிராகில் ஒரு காபிக்கடை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கவிஞர் யாரொஸ்லாவ் சைஃபர்ட், அந்தப் பெயரைத் துடைக்கும் தாளில் எழுதிக் கொடுத்ததே நான்தான் என்று தன் நினைவுகளில் சொல்கிறார். அதே பெயரைச் செக் காதால் கேட்டால் 'அது அவன்' என்றும் ஒலிக்குமாம்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். தமிழில் 'நான் போனேன்' என்றால் போனது ஆணா பெண்ணா என்று தெரியாது. செக் மொழியில் தெரிந்துவிடும். இறந்தகாலத்தில் பேசினாலே, தன்மையிலும் வினை காட்டிக் கொடுத்துவிடும். டோயென் தன்னைப் பற்றிப் பேசும்போது ஆண்பால் வினையைத்தான் பயன்படுத்தினார். காபிக்கடையில், நண்பர்கள் நடுவில், வாய் திறக்கும்போதெல்லாம். அது எவ்வளவு பெரிய மறுப்பு என்பது செக் மொழி பேசும் ஊரில்தான் காதில் விழும். பாரிஸில் பிரெஞ்சு பேசினால், வினையில் அது பெரும்பாலும் காதில் விழாதே! நமக்கு நல்லவேளையாக 'அவர்' இருக்கிறது. நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறேன்.

சரி, முதல் பாரிஸ் காலத்துக்கு வருவோம். நியாயமாகப் பேச வேண்டும். தோழரான ஓவியர் யிந்த்ரிஷ் ஷ்டிர்ஸ்கியோடு சேர்ந்து 'ஆர்ட்டிஃபிஷியலிசம்' என்று ஒரு போக்கையே அங்கே அறிவித்தார். வண்ணத்தைத் தெளித்தார், வழியவிட்டார், கடலடி போலவும் மூடுபனி போலவும் தளங்களைக் கொண்டுவந்தார். கைநுட்பம் அங்கே வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோயென் என்றதும் இன்றைக்கு நம் கண்முன் நிற்பது அந்த மூடுபனியா? இல்லை. முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறுமி. கையில் பட்டாம்பூச்சி வலை. உற்றுப் பார்த்தால் உடைக்குள் உடம்பு இல்லை, வெறும் கூடு. 'தூங்குபவள்', 1937. அதே வருஷம் 'கைவிடப்பட்ட பொந்து': ஒரு பெண்ணின் இடைக்கச்சை நிற்கிறது, உள்ளே பெண் இல்லை. இரண்டும் பிராகில் பிறந்தவை.

1934 மார்ச் 21 அன்று பிராகில் சர்ரியலிசக் குழு தொடங்கியது. டோயென் நிறுவன உறுப்பினர். அடுத்த வருஷம் சர்ரியலிசத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோனும் கவிஞர் போல் எலுவாரும் பாரிஸிலிருந்து கிளம்பி பிராகுக்கு வந்தார்கள். கவனியுங்கள், பாரிஸ் பிராகைத் தேடி வந்தது! அந்தக் குழுவைத் தொடங்கிய கவிஞர் நெஸ்வல், 1938இல் தானே மாஸ்கோ விசுவாசத்தில் குழுவைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். டோயெனும் ஷ்டிர்ஸ்கியும் விமர்சகர் கரேல் தைகேயும் கலைய மறுத்தார்கள். ஸ்டாலின் பக்கத்திலிருந்து ஒரு நெருக்கு. ஹிட்லர் பக்கத்திலிருந்து வந்தது அதைவிடப் பெரியது.

1939 மார்ச் 15. ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. இந்த மாதிரி ஓவியம் அவர்கள் கண்ணில் 'சீரழிந்த கலை'. கண்காட்சி கிடையாது. அந்த நேரத்தில் டோயென் என்ன செய்தார்? பென்சிலையும் மையையும் எடுத்தார். 'துப்பாக்கி சுடும் கூடம்', 12 படங்கள். திருவிழாவில் பலூன் சுடுவோமே, அந்தக் கூடம். இவர் வரைந்த கூடத்தில் பறவைகளும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களும் ஆளில்லாத வெளியில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு ராணுவ வீரன்கூட இல்லை, ரத்தம் இல்லை. போரைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு அமைதியாகப் பயமுறுத்துவது வேறில்லை. 1944இல் 'ஒளிந்துகொள், போரே!' என்று இன்னொரு தொடர். அதில் விலங்குகளின் எலும்புக்கூடுகள்.

இதற்கிடையில் டோயெனின் வீட்டில் இன்னொருவரும் இருந்தார். யிந்த்ரிஷ் ஹெய்ஸ்லர், இளங்கவிஞர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடம் பதிவுக்குப் போக மறுத்துத் தலைமறைவானார். எங்கே? தொழிலாளர்கள் வாழும் ஷிஷ்கோவ் பகுதியில், டோயெனின் சின்ன வீட்டில். எதிரணி நண்பர் இதை "நட்புக்கு ஓர் எடுத்துக்காட்டு" என்று ஒரே வரியில் கடந்தார். ஐயா, தேதிகளைப் பாருங்கள். 1942 மார்ச் 21, குழு தொடங்கி எட்டு வருஷம் முடிந்த அதே நாள், ஷ்டிர்ஸ்கி நிமோனியாவில் இறக்கிறார். இருபது வருஷத் துணை. இரண்டே மாதத்தில் மே 27 அன்று நாஜி ஆட்சியாளன் ஹைட்ரிக் மீது பிராகில் தாக்குதல். அவன் செத்தான். லிடிட்சே கிராமத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பிராகில் வீடு வீடாகச் சோதனை. ஒளிந்திருப்பவருக்கு இடம் கொடுத்தால் மரணம். அந்த ஊரில், அந்த வாரத்தில், கதவுக்குப் பின்னால் ஒரு மனிதரை வைத்துக்கொண்டு ஒருவர் படம் வரைந்துகொண்டிருக்கிறார்!

இருவரும் சேர்ந்து, பொம்மைகளையும் சின்னச் சின்னப் பொருட்களையும் கவிதை வரிகளோடு அடுக்கிப் படம்பிடித்து ஒரு நூலும் செய்தார்கள். 'தூக்கத்தின் நிலவறைகளிலிருந்து'. மிகச் சில பிரதிகள்தான், யார் கையில் கொடுக்க முடியும் அதை?

1943இல் வரைந்த ஒரு படத்துக்கு 'ரெலாஷ்' என்று பெயர். பிரெஞ்சு நாடக அரங்கின் வாசலில் மாட்டும் சொல் அது: இன்று காட்சி இல்லை. படத்தில் ஒரு சிறுமி தலைகீழாகத் தொங்குகிறாள், முகம் தெரியவில்லை. தன் படத்தைக் காட்ட ஒரு சுவர் கிடைக்காத ஓவியர் வைத்த பெயர் இது, நடுவர் அவர்களே!

அதே 1943இல் 'லா கோஸ்ட் கோட்டையில்'. எதிரணி இதைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், கோட்டை பிரான்சில்தானே இருக்கிறது என்று. ஆமாம், 'சாடிசம்' என்ற சொல்லுக்கே காரணமான எழுத்தாளர் மார்க்கி தெ சாத் வாழ்ந்த கோட்டை. விரிசல் விட்ட சுவர். அதில் கோட்டுச் சித்திரமாக ஒரு நரி. அந்த நரியின் ஒரு முன்னங்கால் மட்டும் சித்திரத்தை விட்டு வெளியே வந்து, நிஜமான ஒரு பறவையை அமுக்கிக்கொண்டிருக்கிறது. சுவரில் இருப்பது வெறும் படம் என்று நம்பிக்கொண்டிருந்தபோது கால் வெளியே வந்த அனுபவம் 1943இல் பிராகுக்கு உண்டு. கோட்டை பிரான்சினுடையதாக இருக்கட்டும். நகம் எங்களூர் நகம்.

"அப்படியானால் நெருக்கடி நல்லது என்கிறீர்களா?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். கைதட்டலும் வாங்கினார். இல்லையம்மா. நெருக்கடி வந்தால் எல்லாரும் டோயென் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோர் செத்தார்கள், மீதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். யாருக்கும் அந்த வருஷங்களை நான் வேண்டவில்லை. ஆனால் வந்த நெருக்கடியை இவர் என்ன செய்தார் என்பதுதானே தலைப்பு?

சுதந்திர பாரிஸையும் பார்த்துவிடுவோம். 1947இல் ஹெய்ஸ்லரோடு கிளம்பிப் போனார். 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள், டோயென் திரும்பவில்லை. 1950இல் பிராகில் சர்ரியலிஸ்டுகளின் நண்பர் ஸாவிஷ் கலாந்த்ராவுக்குத் தூக்குத் தண்டனை. பிரெத்தோன் எலுவாரிடம் பகிரங்கமாக வேண்டினார், குரல் கொடுங்கள் என்று. பிராகுக்கு 1935இல் விருந்தாளியாக வந்த அதே எலுவார்! மறுத்துவிட்டார். தூக்கு நிறைவேறியது. எதிரணி சொல்லும் சுதந்திரக் காற்றில் அன்றைக்கு ஒரு கவிஞருக்கு வாய் வரவில்லை. 1953இல் ஹெய்ஸ்லரும் போய்விட்டார், 38 வயதில். அதற்குப் பிறகும் டோயென் நல்ல படங்கள் வரைந்தார், மறுக்கவில்லை. ஆனால் வெற்றுடை நிழல்களும் இருட்டிலிருந்து நீளும் விலங்குகளும் பிராகிலேயே பெட்டியில் ஏறியவை.

ஒரே ஒரு படம் சொல்லி முடிக்கிறேன், மணியடிக்கக் கை போவது தெரிகிறது. 'ஒளியின் தொன்மம்', 1946. போர் முடிந்தபின், பாரிஸ் போகும் முன், பிராகில் வரைந்தது. மூடிய கதவில் ஓர் ஆணின் நிழல். அது ஹெய்ஸ்லரின் நிழல். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடி. எதிரே கையுறை போட்ட இரண்டு கைகள், நாம் சின்ன வயதில் விளக்கு வெளிச்சத்தில் காட்டுவோமே, அந்த மாதிரி சுவரில் ஒரு ஓநாயை உண்டாக்குகின்றன. வருஷக் கணக்கில் வெளிச்சத்துக்கு வரக்கூடாதிருந்த மனிதரை, வெளியே வந்தபின்னும், டோயென் நிழலாகத்தான் வரைந்தார். அந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தவர் இதை வரைய முடியும் என்று மட்டும் யோசித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.